சம்பந்தி கொடுத்த வெள்ளிக் காசு

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னால் பேச முடியவில்லை. பருத்திக்கு மருந்தடிக்க அவர் போயிருக்கும் நேரம் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய கைதான் இது. ஆனாலும் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ முதலில் படி. இல்ஸே காது கொடுத்துக் கேட்கும் நிலைக்கு வந்த பிறகு அவளுக்கும் சொல்.

போன வாரம் நீ கூப்பிட்டு, "இல்ஸேயோட அப்பா தவறிட்டாகம்மா" என்று சொன்னதும் நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கேட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ என்னிடம், "என்னம்மா இது, ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாக. இன்னும் மனசுல எதையாவது வச்சிருக்காகளா?" என்று கேட்டாய். உனக்கு வருத்தம் இருக்கும், நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வி அன்றையிலிருந்து எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அவர் எங்கே போனார் தெரியுமா? புஞ்சைக்குப் போய் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவருடைய சொந்த அண்ணன் போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை பார்த்த மனிதருக்காக ஏன் அப்படி அழுதார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பார்க்காத சில நாட்கள் இந்த வீட்டில் நடந்திருக்கின்றன.

முதலில், உன் கல்யாணத்துக்கு அவர் ஏன் மறுத்தார் என்பதைச் சொல்கிறேன். நீ இல்ஸேயைப் பற்றி எங்களிடம் சொன்ன அன்று, மதம், சாதி, சாப்பாடு, சொந்தக்காரர்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். கடைசியில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினீர்கள், அதன் பிறகு மாதக்கணக்கில் பேசவே இல்லை. நீ வேலை பார்க்கும் ரீகாவுக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம கல்யாணத்துக்கு மட்டும் யாரு தலையாட்டுனாக? நான் அருப்புக்கோட்டையில நெசவுக்காரக வீட்டுப் பொண்ணு, நீங்க இந்தக் காட்டுல வெள்ளாமைக்காரரு. எங்க வீட்டுலயும் வேணாம்னாக, ஒங்க வீட்டுலயும் வேணாம்னாக. நம்ம வாழலயா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னார்: "நம்ம எங்க போனோம்? பஸ்ஸு ஏறுனா ஒங்கய்யா வீடு. கோவிச்சுக்கிட்டாலும் ஒரு நல்லது கெட்டதுக்குப் பாத்துக்கிட்டோம். இவன் படிக்கப் போறேன்னான், சரின்னேன். வேலை கெடச்சிருச்சுன்னான், சரின்னேன். இப்பப் பொண்ணும் அங்கனயே பாத்துட்டான். இனி அவனுக்கு இங்க என்ன சோலி இருக்கு?"

அவ்வளவுதான் தம்பி. மதமும் இல்லை, சாதியும் இல்லை. நீ திரும்பி வரமாட்டாய் என்ற பயம். அதை உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதர் கோபமாகப் பேசிக்கொண்டே போனால், அதற்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள். உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும், நீயும் இதே போல ஏதாவது பேசிக்கொண்டு நிற்பாய். அப்போது என்னை நினைத்துக்கொள்.

தை மாதம் நீ இல்ஸேயின் அப்பா யானிஸைக் கூட்டிக்கொண்டு வந்தாய். பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து கேட்பதுதான் இங்கே மரியாதை என்று நீ சொல்லி, அதற்காக அந்த மனிதர் அவ்வளவு தூரம் கிளம்பி வந்தார். காரிலிருந்து இறங்கி நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். உன் அப்பா கைகூப்பி, "வாங்க" என்றார். அத்தோடு சரி. காப்பி குடித்து முடித்ததும் யானிஸ் எழுந்து நின்று, பையிலிருந்து கருநீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் உன் அப்பாவிடம் நீட்டினார். நீதான் விளக்கம் சொன்னாய்: "அவுக நாட்டோட பழைய காசு ஞாபகமா அரசாங்கம் அடிச்ச காசுப்பா. வெள்ளி. கடையில குடுத்து எதுவும் வாங்குறதுக்கு இல்ல, சும்மா வச்சுக்கிறதுக்குத்தான்." அப்பா வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. அப்படியே டிவி பெட்டிக்குப் பின்னாலிருந்த பலகையில் வைத்துவிட்டார். யானிஸின் கண் அந்தப் பெட்டியோடு பலகை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. நீ அந்த நேரம் அவருடைய பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனாய். நான் பார்த்தேன்.

மறுநாளே உன் விசாப் பேப்பரில் ஏதோ குழப்பம் என்று கூப்பிட்டார்கள். நேரில் வரவேண்டும் என்றதும் நீ அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சென்னை பஸ் ஏறினாய். ஒரே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், அங்கே மாட்டிக்கொண்டு அந்த வாரக் கடைசியில்தான் வந்தாய். போவதற்கு முன்னால், நாம் தமிழில் பேசினால் அவர்கள் மொழியில் சொல்லும், அவர் பேசினால் தமிழில் சொல்லும் என்று ஒரு ஏற்பாட்டை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். இங்கிலீஷும் சரியாக வராத அந்த மனிதரையும், பேசவே மாட்டேன் என்றிருந்த உன் அப்பாவையும் என்னிடம் விட்டுவிட்டுப் போன உன் தைரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த வாரத்தில் காரியாபட்டியிலிருந்து உன் சித்தப்பா வந்தார். வெள்ளைக்காரச் சம்பந்தியைப் பார்க்கத்தான் வந்தார், கேட்டால் சும்மா வந்தேன் என்றார். யானிஸ் வாசலில் நின்று கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பா உள்ளே வந்து, "பொண்ணு வீட்டுக்காரன் என்ன கொண்டாந்தான்?" என்று கேட்டார். நான் பெட்டியைக் காட்டினேன். "ஒத்தக் காசா? ஒத்தக் காசக் குடுத்துட்டு நம்ம பயல அள்ளிக்கிட்டுப் போறானா?" என்று சத்தமாகவே சொன்னார். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "விருந்தாளி வாசல்ல நிக்காரு. மெதுவாப் பேசு" என்றார். சித்தப்பா அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

யானிஸ் யாரும் கூப்பிடாவிட்டாலும் காலையில் அப்பா பின்னாலேயே புஞ்சைக்குப் போவார். வெயிலில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடும். ஓரத்து வேம்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அப்பா கருவேலங்கட்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒருநாள், எழுந்து வந்து கோடாலிக்குக் கை நீட்டினார். அவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய், அப்பாவுக்குத் தெரியாது. கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எங்கே போட்டால் பிளக்கும் என்று பார்த்துப் போட்டு, அத்தனையையும் பிளந்து அடுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம், "மரம் வெட்டத் தெரிஞ்ச ஆளு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மனிதரைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

ஆனால் அன்று சாயங்காலமே அது கெட்டுப்போகப் பார்த்தது. யானிஸ் என் போனை வாங்கி அதில் ஏதோ பேசினார். போன், "நான் உங்கள் நிலத்தை விரும்புகிறேன்" என்றது. அப்பாவின் முகம் மாறிவிட்டது. "பாத்தியா? இதுக்குத்தான் வந்திருக்காரு. நெலத்தக் கேக்காரு" என்றார். எனக்கும் ஒரு நொடி திக்கென்றுதான் இருந்தது. பிறகு புரிந்தது. "கேக்கலங்க. ஒங்க மண்ணு நல்லா இருக்கு, புடிச்சிருக்குன்னு சொல்றாரு" என்றேன். "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு, யானிஸைப் பார்த்து, "கரிசல். ஈரம் இருந்தா எதுவும் வெளையும்" என்று தமிழிலேயே சொன்னார். யானிஸும் தலையாட்டினார். என்ன புரிந்ததோ.

நம் வட்டாரப் பேச்சு அந்தப் போனுக்குப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்பா, "நாளைக்கு வெள்ளன வாரீயளா?" என்று கேட்டால் அது வெள்ளம், வானம் என்று என்னத்தையோ சொல்லும். யானிஸ் முழிப்பார். நான்தான் செய்தி வாசிக்கிறவளைப் போல, "நாளைக் காலையில் சீக்கிரம் வருகிறீர்களா?" என்று சொல்லவேண்டும். அப்போதுதான் அதற்குப் புரியும். அப்படித்தான் நான் இரண்டு பேருக்கும் வாயானேன்.

அதற்கு அடுத்த நாள் கம்பங்கதிர் அறுத்தோம். வெயில் தாழ்ந்த நேரம், வீட்டுக்கு வேண்டிய கதிரைத் தட்டையோடு ஒரு கட்டாகக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் வந்தேன். முந்தானையைத் தலையில் சுற்றியிருந்தேன். அப்பாவும் யானிஸும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. என்னைப் பார்த்ததும் யானிஸ் எழுந்துவிட்டார். கையைக் காட்டி, அப்படியே நில் என்பது போல ஏதோ சொன்னார். பிறகு அந்த வயதில், அந்த உடம்போடு, வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாம்பு கீம்பு கெடக்கா?" என்று அப்பாவைக் கேட்டேன். அவரும் எழுந்து என் காலடியைப் பார்த்தார்.

யானிஸ் அந்தக் கருநீலப் பெட்டியோடு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. அவரே திறந்து அப்பாவின் கையில் வைத்தார். அப்பா அன்றுதான் முதன்முதலாக அந்தக் காசைப் பார்த்தார். பெரிய காசு, உள்ளங்கையில் பாதியை அடைக்கும். அதில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். தலையில் கட்டு, நீளமான முடி, தோளில் கதிர். யானிஸ் காசைக் காட்டினார், என்னைக் காட்டினார், என் தோளில் இருந்த கதிரைக் காட்டினார். அப்பா காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அறுபதை நெருங்குகிறவளை, வேர்வையும் கம்பஞ்சுணையுமாக நின்றவளைப் பார்த்துவிட்டு, "ஆமா, இது மாதிரிதான் இருக்கா" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அப்பா காசைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கதிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பு இல்ல. கோதுமையாத்தான் இருக்கணும். அவுகளும் வெள்ளாமைக்காரக போல" என்றார்.

பிறகு, "இத ஏன் நமக்குக் கொண்டாந்தாருன்னு கேளு" என்றார். நான் போனில் கேட்டேன். கண்மாய்க் கரையில் சிக்னல் நன்றாக இருக்கும், உனக்குத் தெரியுமே. யானிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு போன் தன் புத்தகத் தமிழில் சொல்லியது. எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

"என் தாய் சிறுமியாக இருந்தாள். வேறு நாடு எங்கள் நாட்டை எடுத்துக்கொண்டது. சிப்பாய்கள் வந்தார்கள். மூட்டை கட்டச் சிறிது நேரம் கொடுத்தார்கள். என் தாயின் தாய் இந்தப் பெண் இருக்கும் வெள்ளிக் காசுகளைக் கோட்டுக்குள் தைத்தாள். ரயில் சைபீரியாவுக்குச் சென்றது. அங்கே பனியில் காசுகள் ஒவ்வொன்றாக உருளைக்கிழங்காக மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை."

அப்பா, "உருளைக்கெழங்கா மாறுச்சா?" என்றார். "கெழங்குக்கு வித்திருக்காக" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பஞ்சத்துக்குப் பாத்திரத்தை விற்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அல்லவா, அதற்குமேல் கேட்கவில்லை.

சைபீரியாவிலிருந்து அவர்களை ஊருக்குத் திரும்ப விட்ட பிறகும் அந்தக் காசை வெளியே காட்ட முடியாத காலமாம். யானிஸ் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அம்மா கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்துக் காட்டி, நமக்கென்று ஒரு நாடு இருந்தது என்பாளாம். அந்த அம்மா இறந்தபோது அந்தக் காசை அவளுடைய உடுப்பிலேயே வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். நாடு திரும்பக் கிடைத்தது, அதன் காசும் திரும்ப வந்தது. பிறகு ஐரோப்பாவுக்கெல்லாம் பொதுவான காசு வந்து, அவர்களுடையது மறுபடியும் போய்விட்டது. அந்தப் பழைய காசை மக்கள் மறந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் அதே பெண்ணின் முகத்தைப் போட்டு இந்தக் காசை வெளியிட்டபோது, யானிஸ் போய் வாங்கி வந்திருக்கிறார். "கடையில் இதற்கு ரொட்டி கிடைக்காது" என்றது போன். "ஆனால் என் வீட்டில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை."

கண்மாயில் தண்ணீர் ஓரமாகத்தான் கிடந்தது, யானிஸ் அதைப் பார்த்தார். பிறகு போனை வாங்கி மெதுவாகப் பேசினார். போன் சொல்லியது: "எனக்கு ஒரே மகள். மனைவி இல்லை. நான் ஒன்று கேட்க வந்தேன், கேட்கப் பயமாக இருக்கிறது. உங்கள் மகன் அவளை இங்கே அழைத்து வந்துவிடுவானா?"

அப்பா, "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். அதே கேள்விதான். அவர் சிரிக்க ஆரம்பித்தார், தம்பி. நீ கல்யாணப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. யானிஸ் தன்னைத்தான் கேலி செய்கிறாரோ என்று திகைத்துப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நம்ம பயல இவரு அங்கனயே வச்சுக்கிருவாருன்னு நான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன். இவரு என்னடான்னா அவரு பொண்ண நான் புடிச்சு வச்சுக்கிருவேன்னு பயந்துக்கிட்டு, இம்புட்டுத் தூரம் வந்து கட்டை பொளந்துக்கிட்டிருக்காரு. சொல்லு. எனக்கும் அதே பயந்தான்னு சொல்லு."

நான் என் செய்திக் குரலில், "இவருக்கும் அதே பயம்தான்" என்றேன். போன் அவர்கள் மொழியில் சொல்லியது. யானிஸ் உன் அப்பாவைப் பார்த்தார். நடுவில் விட்டிருந்த இடத்துக்கு நகர்ந்து வந்து, அவர் தோளில் கையைப் போட்டார். உன் அப்பா தோளில் அந்நியர் யாரும் கை போட்டு நான் பார்த்ததில்லை. அவர் விலகவில்லை. "பிள்ளைக எங்க இருக்குதுகளோ அங்க இருக்கட்டும். நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிருவோம்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

நீ சென்னையிலிருந்து வந்து இறங்கியதும், "தேதி பாக்கச் சொல்லுறேன்" என்றார் அப்பா. நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எப்பிடிம்மா சம்மதிக்க வச்ச?" என்றாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அப்பா கண்ணால் சொல்லாதே என்றார், அதனால் சொல்லவில்லை. சம்மதிக்க வைத்தது நான் இல்லை.

பேசிக்கொள்வோம் என்றாரே, அதை இரண்டு பேரும் அப்படியே காப்பாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்தால் போன் வரும், அல்லது இவர் போடச் சொல்வார். போனின் மொழிபெயர்ப்பெல்லாம் கொஞ்ச நாளில் நின்றுபோனது. முகம் பார்த்தே பேசிக்கொள்வார்கள். யானிஸ் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியைக் காட்டுவார். இவர் போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பருத்தியில் விழுந்த பூச்சியைக் காட்டுவார். அவர் ஏதோ சொல்வார், இவர் ஏதோ சொல்வார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வார்கள். மாடு கன்று போட்ட அன்று இவர் அந்தக் கன்றைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே நின்றார், அங்கே அவர் கைதட்டினார். உங்கள் இருவரிடமும் அவர்கள் இதைச் சொல்லவில்லை. என்ன பேசினீர்கள் என்று நீங்கள் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது என்ற கூச்சமாக இருக்கலாம்.

உன் கல்யாணம் ஆவணியில் திருச்சுழிக் கோயிலில் நடந்தபோது, யானிஸுக்கு நெஞ்சுவலி வந்து டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். இல்ஸே சிநேகிதிகளோடு மட்டும் வந்தாள். நீ தாலி கட்டும்போது உன் அப்பா கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, போனைக் கீழ வைங்க, அதான் போட்டோக்காரர் இருக்காருல்ல" என்று நீ கடிந்துகொண்டாய். அவர் படம் எடுக்கவில்லை, தம்பி. அந்தப் பக்கம் யானிஸ் உட்கார்ந்திருந்தார், கோட்டு டை எல்லாம் போட்டுக்கொண்டு. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கட்டும் என்று இவர் கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த அன்று அப்பா அதை இல்ஸேயின் கையில் கொடுத்தார், உங்கள் வீட்டுப் பொருள் உன்னிடமே இருக்கட்டும் என்று. அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, திரும்ப அவர் கையிலேயே வைத்துவிட்டாள். அதில் வளையம் வைத்து என் சங்கிலியில் கோர்த்துவிடலாம் என்று ஆசாரி சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. யாராவது புது ஆள் வந்தால் எடுத்துக் காட்டி, சைபீரியாவையும் உருளைக்கிழங்கையும் சொல்லுவார். சித்தப்பாவுக்கு அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாரோ, இப்போது சித்தப்பாவே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

யானிஸ் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இவர் போடச் சொன்னார், எடுக்கவில்லை. "தூங்குவாரு" என்றார். பொழுது சாயும் வரைக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று எங்களிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று நீ நினைத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லவேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்? இப்போது சொல், உன் அப்பா மனதில் எதையாவது வைத்திருக்கிறாரா? வைத்திருக்கிறார். அது நீ நினைத்தது இல்லை.

இனி உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றிரண்டுதான் இருக்கிறது. எங்கய்யா இறந்த தகவல் இந்த ஊருக்கு வந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். நான் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் அழுதேன். அதுவரைக்கும் இங்கே நான் ஒரு வார்த்தை தெலுங்கு பேசியதில்லை, யாருக்கும் பிடிக்காது என்று. அன்று தமிழில் எனக்கு அழுகை வரவில்லை. கூடியிருந்தவர்கள் என்ன சொல்கிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். உன் அப்பா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் ஓய்கிற வரைக்கும் அசையாமல் இருந்தார். என்ன சொல்லி அழுதாய் என்று இன்று வரைக்கும் அவர் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன், இல்ஸே அவளுடைய மொழியில் அழட்டும். உனக்கு அந்த மொழி தெரியும்தான், இருந்தாலும் அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்காதே. எப்போது சரியாவாள் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. அவள் அப்பாவின் கோட்டு, செருப்பு, கோடாலி எதையும் அவள் சொல்லாமல் எடுத்து அப்புறப்படுத்தாதே. சாப்பிட வை. பக்கத்தில் இரு.

இன்னொன்று. நீ எப்போதும் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். நல்ல பிள்ளை நீ, எல்லாருக்கும் எல்லாம் புரியவேண்டும் என்று பாடுபடுகிறாய். சில நேரம் அந்த அறையை விட்டு வெளியே போய்விடு. நீ சென்னையில் மாட்டிக்கொண்ட அந்த வாரம் இல்லாமல் போயிருந்தால், அந்த இரண்டு பேரும் உன் வழியாகவே பேசி, மரியாதையாக விடை பெற்றிருப்பார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

நேற்று அதனால்தான் நான் உன் நம்பருக்குப் போடாமல் இல்ஸேக்குப் போட்டேன். உன்னிடம் அவள் சொல்லியிருக்கிறாளோ, இல்லையோ. எடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்குள் உன் அப்பா எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவர், "மெய்த்தா" என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு கேட்டபோது சொன்னார்: அவர்கள் மொழியில் மகளுக்கு அதுதான் வார்த்தையாம். யானிஸ் ஊருக்குக் கிளம்பின அன்று, நீ கார்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, இல்ஸேயின் படத்தைக் காட்டிக் காட்டி இவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாராம். இவர் பதிலுக்கு "மக" என்று சொல்லிக் கொடுத்தாராம். இத்தனை நாளும் அதை அவள் முன்னால் சொல்லிப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வைத்திருந்திருக்கிறார்.

இல்ஸே பேச ஆரம்பித்தாள். அவளுடைய மொழியில்தான். அழுகையும் பேச்சுமாக, நடுவில் சிரித்தும்கூட, நிறையப் பேசினாள். உன் அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன்
அம்மா